பதினாறு அடிக்கும் ஒரே சொல்

“நாளைக்கு நாம தாண்டக் கூடாது, குருவே” என்றாள் மாதுமை.

“யாருக்குத் தண்டனை?” என்று கேட்டாள் குரு.

குருவின் பெயர் செராபினா. வயது இருபது. பிறவியிலேயே பார்வை கிடையாது. மாற்றுத்திறனாளிகளின் உலகப் போட்டிக்கு நீலாழி என்ற தீவு நாடு அனுப்பிய ஒரே வீராங்கனை. நீளம் தாண்டுபவள்.

மாதுமை சட்டக் கல்லூரி மாணவி. மூன்று வயது மூத்தவள். மணற்குழிக்கு அப்பால் நின்று “வா, வா” என்று குரல் கொடுப்பது அவள் வேலை. அந்தக் குரலை நோக்கித்தான் செராபினா ஓடுவாள். எங்கே நிற்பது, எப்படிக் கூப்பிடுவது என்று நான்கு வருஷமாகக் கற்றுக்கொடுத்தவளும் செராபினாதான். கிண்டலாக ஆரம்பித்த ‘குருவே’ அப்படியே நிலைத்துவிட்டது.

“தொடக்க விழாவில எல்லா நாட்டுப் பேரையும் வாசிச்சாங்க. நம்மளை மட்டும் விட்டுட்டாங்க. இவ்வளவு பெரிய மைதானம் கட்டத் தெரியுது, மூணெழுத்துப் பேர் வாசிக்கத் தெரியாதா? நானூறு பேர் வந்த நாட்டுக்குப் பின்னாடி நாம ரெண்டே பேர். அவங்களுக்குச் சாமான் தூக்க வந்தவங்கன்னு நினைச்சிருப்பாங்க!”

“கொடி கனமாத்தான் இருந்தது.”

“சிரிக்காதே. புகார் எழுதிட்டேன். நாலு பக்கம். மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் களத்தில இறங்க மாட்டோம். நீ கையெழுத்துப் போடணும்.”

“மன்னிப்பை எங்கே கேட்பாங்க?”

“எங்கேன்னா? கடிதம் அனுப்புவாங்க.”

“பேரை விட்டது மைதானத்துலதானே?”

மாதுமை நாலு பக்கத்தையும் மறுபடி புரட்டினாள்.

“மடிச்சு வை, வக்கீலம்மா. தாண்டிட்டுப் போடறேன்.”

மறுநாள் முதல் தாண்டலில் செராபினா கோணலாக ஓடிக் குழிக்கு வெளியே விழுந்தாள். நடுவர் சிவப்புக் கொடி காட்டினார்.

இரண்டாவதிலும் சிவப்புக் கொடி.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதுவும் போனால் நேரே விமானம்தான்.

முழங்கையில் ரத்தம் கசிய எழுந்து வந்தவளிடம், “என் குரல் கேட்கலையா?” என்றாள் மாதுமை. புகார்க் காகிதம் அவள் கையில் கசங்கியிருந்தது.

“நல்லாக் கேட்டது. நீ ‘வா’ங்கறது கோர்ட்டுக்கு இழுக்கிற மாதிரி இருக்கு. யார் ஓடி வருவா?”

“நான் வேணும்னா—”

“இந்தத் தடவை ‘வா’ வேண்டாம். நாட்டுப் பேரைச் சொல்லு. நான் எடுத்து வைக்கிற அடிக்கு ஒரு தடவை. பதினாறு அடி.”

“பழகாத சொல்லை வச்சு, கடைசி வாய்ப்பிலயா? உனக்கென்ன பைத்தியமா?”

“பொறந்ததிலேருந்து கேட்கிற பேரு. பழகாததா?”

மாதுமை அவளைக் கைப்பிடித்து ஓடுபாதையின் தொடக்கத்தில் நிறுத்தினாள். தோள்களைக் குழியை நோக்கித் திருப்பிவிட்டாள். திரும்பி வந்து மணலுக்கு அப்பால் நின்றாள்.

நடுவர் உள்ளங்கையை உயர்த்தினார்.

பாட்டு நின்றது. கைத்தட்டல் நின்றது. அந்தப் பக்கம் ஓடத் தயாராக இருந்த எட்டு நாட்டுப் பெண்களும் அசையாமல் நின்றார்கள். கொடிக்கம்பங்களில் கயிறு மோதும் சத்தம் கேட்டது.

பார்வையற்றவர்கள் தாண்டும்போது யாரும் சத்தம் போடக் கூடாது என்பது விதி. முதல் இரண்டு தடவையும் இதே அமைதி இருந்திருக்கும். மாதுமை கவனிக்கவில்லை.

இப்போது நிமிர்ந்து பார்த்தாள்.

நீலாழியின் மொத்த ஜனத்தொகை இருபதாயிரம். இங்கே அறுபதாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இருமக்கூட இல்லை.

மாதுமை இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள். காகிதம் நழுவி மணலில் விழுந்தது.

“நீலாழி!”

ஓர் அடி.

“நீலாழி!”

எதிர்க் கூரையில் மோதி அந்தப் பெயர் திரும்பி வந்தது. அதற்குள் அடுத்தது போயிருந்தது.

“நீலாழி! நீலாழி! நீலாழி!”

அந்தப் பெயரும் ஒரு பெண்ணின் காலடியும் தவிர, அவ்வளவு பெரிய மைதானத்தில் வேறு சத்தமே இல்லை.

பதினாறாவது அடியில் காலடிச் சத்தமும் நின்றது.

மணல் எழும்பி அடங்கியது.

வெள்ளைக் கொடி உயர்ந்தது. அதன் பிறகுதான் மைதானம் வாய் திறந்தது.

தலையெல்லாம் மணலோடு எழுந்து உட்கார்ந்த செராபினா, குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

“எவ்வளவு தூரம்?”

மாதுமை அளவுப் பலகையைப் பார்க்கவேயில்லை. மேலே, கூட்டம் நிறைந்த வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடைசி வரிசை வரைக்கும்” என்றாள்.