மாவுப்பூச்சிக்கு மெத்தை

ஏற்காட்டில் சபாநடேசர் வீட்டுக் கூடத்து ஆர்க்கிட் செடிகளை மாவுப்பூச்சி விடாமல் பிடித்திருந்தது. துடைத்தாலும் நாலு நாளில் திரும்ப மொய்த்துவிடும். மருந்தடிக்கவும் வழியில்லை, கொல்லாமை பேசும் ஜீவகாருண்ய சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கத்தார் வந்திருந்தபோது வேலைக்கார வேடியம்மாளை அழைத்து உரக்கச் சொன்னார்:

“ஒரு பூச்சி இருக்கக் கூடாது. ஒண்ணுகூடச் சாகவும் கூடாது. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!”

வேடியம்மாள் பூச்சிகளைப் பஞ்சால் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டு வந்தாள்.

“வெளிய பனியில விட்டா செத்துருமுங்க ஐயா. உங்க மெத்தை கதகதன்னு இருக்கு, அதுல விட்டுரட்டுங்களா?”

“அடி கூறுகெட்டவளே! எல்லாத்தையும் நசுக்கித் தொலை!”

“சரிங்க ஐயா,” என்றவள் சங்கத்தாரைப் பார்த்தாள். “நீங்களும் கேட்டீங்கல்ல?”

மறுநாளும் வேடியம்மாள் வேலைக்கு வந்தாள். சங்கத்துக்குத்தான் வேறு தலைவர் வந்தார்.