மிச்சம் மச்சானுக்கு

கொடைக்கானல் விடுதியொன்றில் நீச்சல் குளத்தைப் பராமரிக்கும் சவரிமுத்துவை அன்று காலை முதலாளி கூப்பிட்டனுப்பினார். குளத்து நீரைச் சூடாக்க எந்த ஹீட்டருக்குச் செலவு குறைவு என்று அவர்தான் சொல்ல வேண்டுமாம்.

"தப்பாச் சொல்லி பில் எகிறினா, குடும்பத்தோட மலையிறங்கிடணும்," என்றார் முதலாளி கனகசபாபதி. கேஸ் ஹீட்டர் விற்க வந்திருந்தவரோ முதலாளியின் மச்சான் தயாளன். அவரைக் குறை சொன்னாலும் இறங்க வேண்டியதுதான்.

தயாளன் அச்சடித்த காகிதத்தை நீட்டினார். "தினம் அறுநூறு ரூபாய்க்கு கேஸ். அவ்வளவுதான்."

கரண்டில் ஓடும் ஹீட் பம்ப் விற்க வந்த மெர்சி, "எங்களுதுக்குத் தொள்ளாயிரம் ஆகும் சார்," என்றாள்.

"மச்சானோடதுதானே மலிவு? சொல்லேன்யா," என்றார் முதலாளி.

சவரிமுத்து தயாளனின் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "மலிவுதாங்கய்யா. பேசாம தினம் தொள்ளாயிரத்தை அவர் கையிலேயே கொடுத்துடலாம். கேஸை அவரே வாங்கித் தண்ணியைச் சூடா வச்சுக்கட்டும். மிச்சம் முந்நூறும் அவருக்கே."

முதலாளிக்கு முகம் மலர்ந்தது. "நம்ம வீட்டுக் காசு நம்ம வீட்டுக்கே. கையெழுத்துப் போடுங்க மச்சான்."

தயாளன் பேனாவைத் திறந்தார், மூடினார். "இந்தக் குளிருக்கு எத்தனை சிலிண்டர் குடிக்குமோ, யார் கண்டா?"

"காகிதத்துல அறுநூறுன்னு இருக்கே?" என்றார் முதலாளி.

"அது சென்னைக் குளத்துக்குப் போட்டது மாமா."

மெர்சி பேனாவை வாங்கிக்கொண்டாள். "அதே தொள்ளாயிரத்துக்கு நான் போடுறேன் சார். ஆனா ஆள் குளிக்காத நேரமெல்லாம் குளத்தைத் தார்ப்பாயால மூடணும், இல்லேன்னா சூடு போயிடும். அதுக்குப் பொறுப்பா யார் இருப்பா?"

முதலாளி மச்சானைப் பார்க்காமலே சொன்னார்.

"வேற யாரு, சவரிமுத்துதான். அவன் எங்க போகப்போறான்?"