பிள்ளையாரைத் தாண்டாத வழக்கு

வேம்பனூரில் மாட்டுவண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் அரண்மனைக்குச் சக்கரக் காசு கட்டினார்கள். வண்டி மோதி யாருக்காவது கைகால் முறிந்தால், அந்த நிதியிலிருந்து வைத்தியச் செலவு தரவேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதற்குத் தாண்டவராயரை அதிகாரியாக்கியதுதான் தப்பு. வாங்க நீளும் அவர் கை, கொடுக்கும்போது மட்டும் சுளுக்கிக்கொள்ளும்.

ஒருநாள் மோர்க்காரி காத்தாயியை ஒரு வைக்கோல் வண்டி இடித்துத் தள்ளியது. மோர்ப்பானைகள் நொறுங்கின, கால் முறிந்துவிட்டது. எலும்பு வைத்தியர் முதல் கட்டைப் போட்டுவிட்டு, "அடுத்த கட்டுக்குக் காசோட வா. நாள் தள்ளினா கால் கோணலாத்தான் சேரும்" என்றார்.

காத்தாயி நிதி கேட்டாள். தாண்டவராயர் யோசிக்கவே இல்லை.

"வண்டி இடிச்சது வாஸ்தவம். ஆனா கால் முறிஞ்சது தரையில விழுந்து. தரை சக்கரக் காசு கட்டியிருக்கா?"

வழக்குப் போடலாமென்றால் வக்கீல் கேட்ட கூலி வைத்தியர் கூலியைவிட அதிகம். விகடகவி உலகளந்தானுக்குச் சேதி எட்டியது. தினமும் அவள் மோரைக் குடித்து வளர்ந்த தொப்பை அவனுடையது. ஆத்திரம் பொத்துக்கொண்டு வர, நேரே ராஜாவிடம் போனான்.

"மகாராஜா, நம்ம ஊர் நியாயம் பிரமாதம்! காத்தாயி நொண்டிக்கிட்டே தோற்கலாம். இல்லேன்னா நொண்டிக்கிட்டே ஜெயிக்கலாம்!"

ராஜா கோதண்டர் சங்கடத்தோடு நெளிந்தார். "எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா வழக்காடுறதுக்கான கூலியை அவரவர்தான் தரணும்னு எங்க தாத்தா சட்டம் போட்டுட்டாரே. அதை மீறாம அவ வக்கீலுக்கு நிதியிலிருந்தே கூலி வாங்கிடு, பார்க்கலாம்!"

"வாங்கிட்டாப் போச்சு. அந்த வக்கீல் நான்தான்."

வேம்பனூர் நீதிசபையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. வக்கீல்களுக்கு நாழிகைக் கணக்கில் கூலி. ஒவ்வொரு நாழிகைக்கும் சேவகன் மணி அடிப்பான். அடித்தால் ஒரு பொன். இன்னொன்று, வாதத்துக்கு முன்னால் கடவுள் வாழ்த்துப் பாடவேண்டும். அதை யாரும் இடைமறிக்கக்கூடாது. மறித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயம்.

மறுநாள் காலையில் ராஜா முன்னால் சபை கூடியது. காத்தாயியைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள்; எலும்பு வைத்தியரும் கூட வந்தார். நிதியின் தரப்பில் பெரிய வக்கீல் சபாநடேசர் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். உலகளந்தான் எழுந்து கைகூப்பி, ஒவ்வொரு பேரையும் ஆலாபனையோடு இழுத்து இழுத்துப் பாட ஆரம்பித்தான்.

"அரசமரத்துப் பிள்ளையாரே போற்றி! ஆற்றங்கரைப் பிள்ளையாரே போற்றி! முச்சந்திப் பிள்ளையாரே போற்றி!"

டங்!

"செக்கடிப் பிள்ளையாரே போற்றி! சந்தைப்பேட்டைப் பிள்ளையாரே போற்றி!"

டங்!

பிள்ளையாருக்கு வேம்பனூரில் பஞ்சமா? உலகளந்தான் தெருத்தெருவாகப் போனான். ஊர் முடிந்ததும் பக்கத்து ஊருக்குள் நுழைந்தான். மணி அடிக்க அடிக்கத் தன் வக்கீலுக்கு நிதியிலிருந்து போகும் பொன்னைத் தாண்டவராயர் விரல்விட்டு எண்ணினார். சபாநடேசரோ சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் பொன் குவிந்தால் யாருக்குத்தான் பக்தி வராது?

"மகாராஜா, நிறுத்தச் சொல்லுங்க!" என்று கெஞ்சினார் தாண்டவராயர்.

"சாமி காரியம். நான் மாட்டேன். வேணும்னா நீரே நிறுத்தும்" என்றார் ராஜா.

தாண்டவராயர் தன் வக்கீல் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்களாவது ஏதாவது பண்ணுங்களேன்!"

சபாநடேசர் கண்ணைத் திறந்தார். உலகளந்தானைப் பார்த்து, "எங்க கொல்லைப் பிள்ளையாரை விட்டுட்டீரே, தம்பி" என்றார்.

"மன்னிக்கணும் ஐயா! கொல்லைப் பிள்ளையாரே போற்றி!"

டங்!

உச்சிவெயில் ஏறியது. இன்னும் முருகனே வரவில்லை. அவருக்கு அப்புறம் அம்மன், ஐயனார், கருப்பர் என்று ஒரு பட்டாளமே காத்திருந்தது. உலகளந்தான் மூச்சுவிட நிறுத்திய நேரம் பார்த்துத் தாண்டவராயர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்யா! கால் வண்டியாலதான் முறிஞ்சுது, ஒத்துக்கறேன். கால் சரியாகிற வரைக்கும் வைத்தியச் செலவு முழுசும் இப்பவே தந்துடறேன். பிள்ளையாரோட முடிச்சுக்கும்!"

"முடிச்சுக்கலாம். என் கூலி?"

"உமக்கு எவ்வளவு?"

"உங்க வக்கீலுக்கு எவ்வளவோ, அவ்வளவு."

தாண்டவராயர் சேவகனைப் பார்த்தார். அவன் அடுத்த மணிக்குக் கையை ஓங்கிவிட்டான். அவசர அவசரமாக நிதிப் பெட்டியைத் திறந்து இரண்டையும் எண்ணிக் கொடுத்தார். வைத்தியர் அங்கேயே உட்கார்ந்து இரண்டாம் கட்டைப் போட, காத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். அவளுடைய உடைந்த பானைகளுக்காகத் தன் கூலியை அவள் மடியில் கொட்டினான் உலகளந்தான்.

ராஜா தொண்டையைக் கனைத்தார். "எல்லாம் சரி. ஆனா சட்டத்தை மீறிட்டியே! வழக்காடின கூலியைக் காத்தாயிதானே தரணும்?"

"வழக்காடினேனா? ஒரு வார்த்தை வாதாடியிருந்தா இந்தச் சபையே சொல்லட்டும், மகாராஜா. இது வழக்காடாம இருந்ததுக்குக் கூலி. அதை யார் தரணும்னு உங்க தாத்தா சொல்லவே இல்லையே!"