தெரிந்தவர் கையெழுத்து

மொட்டைமாடி அறையில் தனியாக இருந்த பிரகாசிக்கு மஸ்கட்டில் பிள்ளை பெறப்போகும் மகளைப் பார்க்க வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கோ, இவளைத் தெரியும் என்று அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்துத் தெருத் தையல்கடைக்காரர் ஒன்று போட்டார். இன்னொன்றுக்கு ஆளில்லை. கட்டடத்தில் முப்பது குடித்தனம், ஒருவருக்கும் அவள் பேர் தெரியாது. இதற்குப் பெயர் நாகரிகமாம்!

விசாரிக்க வந்த ஏட்டு, குடியிருப்போர் சங்கச் செயலாளர் தணிகாசலத்தைக் கூப்பிட்டார். அவர் இவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது."

"வாஸ்தவம்தாங்க," என்றாள் பிரகாசி, ரொம்பப் பணிவாக. "நான் இருக்கிற இடமே தெரியாம இருக்கேன். கருவாடு வறுக்கிறதைக்கூட எப்பவோ விட்டுட்டேன்."

"விட்டியா? முந்தாநாள்கூட நெத்திலி! அஞ்சு வருஷமா உன் கதவைத் தட்டித் தட்டி என் கைதான் தேயுது!"

ஏட்டு பேனாவை நீட்டினார். "அஞ்சு வருஷப் பழக்கமா? போடுங்க சார்."

செயலாளர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போட்டார்.

மறுநாள் மத்தியானம் பிரகாசி கருவாடு வறுத்தாள். ஜன்னலையும் நன்றாகத் திறந்துவைத்தாள். அவள் கதவைத் தட்டுகிற ஒரே மனுஷர் அவர்தான். அன்று அவரும் வரவில்லை.