வெள்ளைச்சி உறங்கிய சாம்பல்

அந்தக் காலத்தில் மாடும் பேசும், மண்ணும் பேசும், உலையில் கிடக்கும் உலோகமும் பேசும். யார் பேச்சை யார் கேட்டார்கள் என்பது வேறு விஷயம். அலுமினியத்துக்கு அப்போது அந்தப் பேர் வந்திருக்கவில்லை. வெண்மையாக, கனமே இல்லாமல் இருந்ததால் வெள்ளைச்சி என்று கூப்பிட்டார்கள். அவளைப்போல் நல்லவள் கிடையாது. ஆனால் நல்லவளாக மட்டும் இருந்தால் ஊர் விடுமா? தட்டினால் குழிவாள், அழுத்தினால் வளைவாள், எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்பாள்.

மலையடிவாரத்தில் வார்ப்புப் பட்டறை வைத்திருந்த மாராக்காளுக்கு அவள்தான் பேச்சுத்துணை. புருஷன் குப்பண்ணன் பொழுதெல்லாம் கிணற்றடியில் மாடு ஓட்டித் தண்ணீர் இறைக்கிறவன். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அச்சுக்கு மண் பிசையும்போதும் உலை ஊதும்போதும் மாராக்காள் வாய் ஓயாது. வெள்ளைச்சியும் சளைக்காமல் 'உம்' கொட்டிக்கொண்டே இருப்பாள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஊருக்கு இருந்த ஒரே கிணற்றில் தண்ணீர் பாதாளத்துக்குப் போனது. வடம் ஓடும் இரும்பு உருளையின் கனம் தாங்காமல் கிணற்றுத் தூணும் விரிசல் விட்டது. மாற்றித் தூண் நட ஊரில் ஒரு மரமில்லை.

"ஏனம்மிணி, கனமில்லாத உருளையா ஒண்ணு வார்த்துக் குடு. இல்லீன்னா ஊரே மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்றான் குப்பண்ணன்.

மாராக்காள் வெள்ளைச்சியை உருக்கி உருளை வார்த்தாள். முதல் சால் தண்ணீர் மேலே ஏறுவதற்குள் அது அப்பளம்போல் நெளிந்துவிட்டது.

"பாரம் ரொம்பக் கெஞ்சுச்சு அக்கா. சரிங்கன்னு சொல்லிப்போட்டேன்" என்றாள் வெள்ளைச்சி.

இவளுக்குள் நாலு முரட்டு ஆள்கள் வேண்டும் என்று நினைத்த மாராக்காள், கொஞ்சம் செம்பைச் சேர்த்து உருக்கி மறுபடி வார்த்தாள். சூட்டில் செம்புக்காரர்கள் வெள்ளைச்சியின் வீடெங்கும் பரவி நின்றார்கள். ஆற ஆற, ஒவ்வொருவராக நழுவி, ஒரு மூலையில் கூடி ஊர்க்கதை பேச உட்கார்ந்துவிட்டார்கள். வீடு காலி. உருளை திரும்பவும் நெளிந்தது.

மாராக்காளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "நேரம் குடுத்தாத்தானே கூட்டம் போடுவீங்க!" என்றவள், உருளையை உலையில் வைத்து, உருகிவிடாமல், உருகுவதற்குச் சற்று முன்வரை காயவிட்டாள். செம்பெல்லாம் மறுபடி பரவியதும் இடுக்கியால் தூக்கி, மாட்டுக்கென்று மிச்சம் வைத்திருந்த தொட்டித் தண்ணீரில் ஒரே முக்காக முக்கினாள். சுரீரென்று ஆவி எழுந்தது. மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அது என் தண்ணி" என்றது.

செம்புக்காரர்கள் அவரவர் நின்ற இடத்திலேயே திகைத்து நின்றுவிட்டார்கள். ஆனாலும் வெள்ளைச்சி இன்னும் மென்மையாகத்தான் இருந்தாள். நெளிவை மாராக்காள் மரச்சுத்தியலாலேயே தட்டி நேராக்கிவிட்டாள்.

"அக்கா, இவுங்களுக்கு நின்னு நின்னு காலு வலிக்குதாம்" என்றாள் வெள்ளைச்சி. "அடுப்புச் சாம்பல் சூட்டுல என்னைய உறங்க வெய்யி. பக்கத்துப் பக்கத்துல இருக்கறவங்க மூணு பேரு, நாலு பேராச் சேர்ந்து அங்கங்கயே உட்கார்ந்துக்குவாங்க. எல்லா வழியிலும் ஆளு உட்கார்ந்துட்டா என்னால வழுக்கி வளைய முடியாது. சாயங்காலம் மாடு மேய்ஞ்சு வீடு திரும்பறப்ப எழுப்பிரு. அதுக்கு மேல விட்டா எல்லாரும் பழையபடி மூலைக்குப் போயிருவாங்க."

"அவ்வளவுதானே கண்ணு?"

வெள்ளைச்சி கொஞ்சம் தயங்கினாள். "கெட்டியானப்புறம் நான் பேசமாட்டேன் அக்கா. வளையறவதான் வாயத் தொறப்பா."

மாராக்காள் காலைக் கஞ்சி இறக்கிய அடுப்பின் இளஞ்சாம்பலில் உருளையைப் புதைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். பட்டறை கனவு காண்கிற மாதிரி இருந்தது. சாம்பலுக்கு அடியில் யாரோ மெல்ல நடக்கிற சத்தம், பாய் விரிக்கிற சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. மாடு வீடு திரும்பியது. எழுந்தவள் கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். எடுத்தால் பேச்சு போய்விடும். இன்னும் கொஞ்சம் உறங்கட்டும் என்று ஒரு முறம் தணலை அள்ளி மேலே போட்டாள்.

வெகுநேரம் கழித்து எடுத்து ஆறவைத்தபோது வெள்ளைச்சி, "அக்கா" என்றாள்.

மாராக்காளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. உருளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அணைத்த இடத்தில் அது லேசாக வளைந்தது. அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. செம்புக்காரர்கள் கூடிக் கூடி மூலைக்குப் போய்விட்டார்கள். பேசுகிறாள் என்றால் இளகிவிட்டாள் என்றுதான் அர்த்தம். வாசலில் குப்பண்ணன் காலிக்குடத்தை வைத்துவிட்டு, வளைந்த உருளையைப் பார்த்தான்.

"பரவால்ல அக்கா, முதல்ல இருந்து பண்ணிக்கலாம்" என்றாள் வெள்ளைச்சி.

மறுநாள் காலை மாராக்காள் உலையை மூட்டினாள். காயவைத்தாள், முக்கினாள், நேராக்கினாள். இந்தத் தடவை புதைப்பதற்கு முன் தனக்குத் தெரிந்த கதையெல்லாம் சொல்லித் தீர்த்தாள். மாடு திரும்பும் மணிச்சத்தம் கேட்டதும் ஒரு மூச்சுகூடத் தாமதிக்காமல் எடுத்தாள். "கண்ணு" என்றாள். பதில் இல்லை. சூடு ஆறியதும் விரலால் மெல்லத் தட்டினாள். 'ணங்' என்று நீளமாக ஒரு சத்தம் எழுந்து, பட்டறையைச் சுற்றி வந்து அடங்கியது.

அந்த உருளை நெளியவே இல்லை. நிறைசால் மேலே வந்தது. மாடு தன் தண்ணீரை முதலில் கேட்டு வாங்கிக் குடித்தது. ஊர் எங்கும் போகவில்லை. மாராக்காள் தினமும் கிணற்றடிக்குப் போய், சுழலும் உருளையைப் பார்த்து வாயோயாமல் கதை சொல்லிவிட்டு வருவாள்.

அன்று முதல்தான் செம்பு சேர்த்து வார்த்த அலுமினியத்தைக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, இளஞ்சூட்டில் உறங்க வைத்து, நேரம் தவறாமல் எழுப்புகிறார்கள். எழுப்பியதும் விரலால் ஒரு தட்டு. அந்தச் சத்தம் அடங்கும்வரை பக்கத்தில் யாரும் பேசுவதில்லை.