ஆதாம் கல்லும் ஏவாள் கல்லும்

“மூணு வருஷமா உங்க பின்னாடியே நடக்கேன். இந்த மலைக்குப் பேரு எப்படி வந்துச்சுன்னு கேட்டாக்கூட வாயத் திறக்க மாட்டேங்கீங்க. நீங்கல்லாம் ஒரு டீச்சரா?”

பிலோமினா சொன்னது இதுதான், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். சொன்ன இடம், வடக்கு வேல்ஸில் இருக்கும் ட்ரவன் மலையின் உச்சிக்கு ஏறும் முகடு. ஒரு கை பாறையில், ஒரு கால் அந்தரத்தில்.

கேட்டுக்கொண்டிருந்த எழினி மலையேற்றம் சொல்லித்தருபவள். மாணவியைவிட இருபது வயது சின்னவள்.

“பேரு தெரிஞ்சா கால் வழுக்காதா ஆன்ட்டி?”

“கேள்வி கேட்டா கேள்வியா? எங்க கான்வென்ட்டுல இதுக்கு முட்டி போட வைப்பாங்க.”

“உங்களுக்குத்தான் தெரியுமே.”

“தெரியும். இந்த ஊர்க்காரங்க மூணு கல்லுங்காங்க. படிச்சவங்க, அதெல்லாம் இல்ல, ரொம்ப ஒசந்த சிகரம்னு அர்த்தம்ங்காங்க. எது சரி? நீங்க சொன்னா நம்புவேன்.”

“அதனாலதான் அனுமதி தரல.”

பிலோமினாவுக்குச் சுருக்கென்றது. தூத்துக்குடியில் பிறந்து, மகன் வீட்டோடு இருக்க இங்கே வந்தவள். மாதா கோயில் பாட்டுக் குழுப் பெண்களை அடுத்த சனிக்கிழமை இதே முகடு வழியாகத் தானே கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். எழினி சரி என்று சொன்னால்தான் ஆகும். எழினியோ மாட்டேன் என்றாள்.

அடிவாரத்திலிருந்து பார்த்தால் மலைக்கு மூன்று திமில். பிலோமினா இந்த மலையில் ஏறுவது இதுதான் முதல் தடவை; எது உச்சி என்று கீழிருந்து பிடிபடவில்லை.

முதல் திமிலில் ஏறியதும் பிலோமினா கேட்டாள். “இதுதான் உச்சியா?”

எழினி நடந்துகொண்டே இருந்தாள்.

இரண்டாவதில், “இதுவா?”

எழினி ஷூ லேஸை இறுக்கிக் கட்டினாள்.

மூன்றாவதில் பிலோமினா கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

உச்சியில் ஆளுயரத்துக்கும் மேலாக இரண்டு கற்கள் நின்றன. ஆதாம், ஏவாள் என்று பேர். இதிலிருந்து அதற்குத் தாவினவர்களுக்கு தன் மேல் நடமாடும் உரிமையை மலையே கொடுத்துவிடும் என்பது ஏறுகிறவர்களிடையே பேச்சு. நடுவே ஒரு எட்டுதான் இடைவெளி. அதைத் தாண்டி, கிழக்கே, வெறும் பள்ளம்.

எழினி ஓரமாக உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தாள்.

பிலோமினா பையைக் கழற்றி வைத்துவிட்டு ஆதாம் மேல் கையை வைத்தாள்.

“நான் தாவச் சொல்லலையே ஆன்ட்டி.”

“நானும் கேக்கலையே.”

முழங்கை சிராய்க்க ஏறினாள். எழுந்தாள். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. சட்டென்று குந்தினாள். எத்தனையோ பேருடைய காலடி பட்டு வழவழத்துப்போன எதிர்க் கல்லை அங்கிருந்தே ஆராய்ந்தாள்.

“வலப்பக்கம் ஈரம். பாத்தீங்களா?” எழினியின் குரல்.

பிலோமினா இடது ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது காய்ந்திருந்தது.

“எந்தக் காலை முதல்ல வைக்கப் போறீங்க?”

காற்று மறுபடி வந்தது. அது போகும்வரை குந்தியே இருந்தாள். போனதும் நிமிர்ந்தாள்.

எழினி எழுந்துவிட்டாள். டீ கையெல்லாம் கொட்டியிருந்தது.

பிலோமினா முழங்காலை மடக்கினாள்.

“ஆன்ட்டி, தாவுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க!”