துவைகல் சாமி

வருஷம் தவறாமல் நிரம்பி வழிந்த ஓர் ஏரி இருந்தது. அதன் படித்துறையில் ஒரு துவைகல் கிடந்தது. நல்ல அகலமான கல். நடுவில் லேசாக மேடு தட்டி, இரண்டு பக்கமும் சரிந்து, துணியை ஓங்கி அடிப்பதற்கென்றே யாரோ அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். அதை யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கல்லுக்கும் தெரியாது. அதன் நினைவு தொடங்குவதே முதுகில் வந்து விழுந்த ஓர் ஈரத்துணியில்தான்.

அந்த ஊரில் ஏழெட்டு வீட்டுத் துணிகளை வாங்கித் துவைத்துப் பிழைத்தவள் செல்லாயி. முப்பது வருஷமாக அந்தக் கல் அவளுடையது. வேறு யாராவது அதன்மேல் ஒரு கைக்குட்டையைக் கசக்கினால்கூட இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. துணியை அடிக்கும்போது பேசுவாள். யாரைத் திட்ட வேண்டுமோ அவர்கள் துணி கைக்கு வரும்வரை காத்திருந்து, வந்ததும் ஓர் அடிக்கு ஒரு வசவு என்று கணக்காகக் கொடுப்பாள். மூத்த மகள் பிரசவத்தில் செத்துப்போன வாரத்தில் மட்டும் பேசவில்லை. சும்மா அடித்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு இரண்டு போர்வைகள் கிழிந்தன.

"நீயாச்சும் கேக்குறியே, கல்லே" என்பாள் போகும்போது.

கல்லுக்கு அதில் ரொம்பப் பெருமை. கேட்பதைத் தவிர அது வேறொன்றும் செய்ததில்லை. செய்யவும் வராது.

பிறகு மழை இரண்டு வருஷம் பொய்த்தது. ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்தது. தண்ணீர் இருக்கும்போது தூர் வார யாருக்கும் நேரமில்லை. இல்லாதபோது எல்லோருக்கும் நேரம் கிடைத்துவிட்டது. மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஊரே இறங்கியது. படித்துறையைச் சீராக்கும்போது ஒரு கடப்பாரை கல்லின் அடியில் நுழைந்து நெம்பியது.

"கொஞ்சம் நகர்ந்துகொள், அவ்வளவுதான்" என்றது கடப்பாரை.

கல் நகரவில்லை. புரண்டது. அதன் அடிப்பக்கத்தில் ஒரு முகம் இருந்தது.

சேற்றைக் கழுவிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கைமேல் இன்னொரு கை. பாதி மூடிய கண்கள். நீண்ட காதுகள். மூக்கு மட்டும் மழுங்கிப்போயிருந்தது. கையில் வேல் இல்லை, சூலம் இல்லை. காலடியில் மயிலோ எலியோ சிங்கமோ எதுவும் இல்லை. ஊர் திகைத்து நின்றது.

"நம்ம முனியப்பன்தான்யா இது. அந்தக் காலத்துல காணாமப் போச்சுன்னு எங்க தாத்தா சொல்வாரு" என்றார் ஊராட்சித் தலைவர் ரெங்கராசு. அவருடைய தாத்தா அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் தலைவர் சொன்னால் தாத்தாவும் சொன்ன மாதிரிதான்.

"பாத்தா புத்தர் மாதிரி இருக்குங்க" என்றார் பள்ளிக்கூடத்து வாத்தியார் தனபால்.

"சமணச் சாமியாக்கூட இருக்கலாம்" என்றார் அவருடன் வந்த இன்னொரு வாத்தியார். இரண்டு பேரும் அந்த இடத்திலேயே சண்டை போட்டுக்கொண்டதால் ஊர் ரெங்கராசு பக்கம் போய்விட்டது.

அடிபம்புக்குத் துணிமூட்டையோடு போகிற வழியில் கரையில் நின்ற செல்லாயி அந்த முகத்தைப் பார்த்தாள். மூட்டை கையிலிருந்து நழுவியது.

"அய்யோ, முப்பது வருசமா சாமி முதுகுலயா நான் அடிச்சேன்!" என்று வாயில் அடித்துக்கொண்டாள். அன்றோடு அவள் கல்லிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

கரையோரத்து வேப்பமரத்தடியில் ஆளுயரத்துக்கு மேடை கட்டிக் கல்லை ஏற்றினார்கள். மேலே தகரக் கொட்டகை, சுற்றிலும் கம்பி. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் சாமி எப்படிப் பார்க்கும் என்று வெள்ளியில் கண்மலர் செய்து ஒட்டினார்கள். முனியப்பன் என்று ஆனபிறகு மீசை இல்லாமல் எப்படி? கரிய வண்ணத்தில் முறுக்கு மீசை ஒன்று வரைந்தார்கள். துணைக்கு ஒரு வெண்கல மணி வந்தது, ஒரு மண் அகல்விளக்கு வந்தது, பூசை பார்க்க மருதை என்ற பூசாரியும் வந்தார்.

முதல் நாள் மதியம், பூசாரி கம்பிக்கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனதும் கல் கேட்டது.

"மணியே, நான் யார்?"

"முனியப்பன். அரிவாள் சாமி. கோபக்காரர். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன், காது கேட்கவில்லையா?"

"என்னிடம் அரிவாள் இல்லையே."

"செய்யக் கொடுத்திருக்கிறார்கள்."

கல் அகல்விளக்கின் பக்கம் திரும்பிக் கேட்டது. "நீ சொல். எனக்குக் கோபம் வருமா?"

"எனக்குத் தெரியாது. எனக்கு எண்ணெய் தீரும்வரைதான் ஏதாவது தெரியும்" என்றது விளக்கு.

செவ்வாய்க்கிழமை ஒரு குடும்பம் வந்து கிடா வெட்டியது. ரத்தம் மேடைவரை தெறித்தது. மறுநாளே, வாத்தியார்கள் சொல்லிக் கேள்விப்பட்டு, வெள்ளை உடுத்திய சிலர் தூரத்து நகரத்திலிருந்து வந்தார்கள். வாயில் துணி கட்டியிருந்தார்கள். எறும்பை மிதித்துவிடுவோமோ என்று குனிந்து குனிந்து நடந்துவந்தவர்கள், காய்ந்த ரத்தத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். மூடிய கண்ணோடு அதே கல்லைத்தான் வணங்கினார்கள்.

அடுத்த வாரம் கடல் தாண்டியிருந்து காவி உடுத்திய துறவி ஒருவர் வந்தார். மீசையைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். அப்புறம் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெகுநேரம் எதுவுமே கேட்காமல் இருந்துவிட்டு எழுந்து போனார். பக்கத்து ஊர் மாதாகோயிலுக்குப் போகிற பெண் ஒருத்தி, இங்கும் ஒன்று இருக்கட்டும் என்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போனாள். ஒரு வயசாளி வேப்பமரத்தில் பச்சைத்துணி கட்டினார். ஒருவன் உருண்டான், ஒருவன் தலையை மொட்டையடித்துக்கொண்டான், ஒருத்தி தலைமுடியை விரித்துப்போட்டு ஆடினாள். ஒருத்தர்கூட அடுத்தவர் கூப்பிட்ட பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

கல்லுக்குத் தலை சுற்றியது.

"ஒருநாள் வெட்டு என்றார்கள், மறுநாளே எறும்பைக்கூட மிதிக்காதே என்கிறார்கள். இரண்டும் எனக்குத்தானாம். நான் எதைச் சொன்னேன்?"

"நீ எங்கே சொன்னாய்? அவர்கள் சொல்வதை நீ சொன்னதாகச் சொல்கிறார்கள். எல்லா ஊரிலும் நடக்கிற வேலைதான் இது. என்னை வார்த்த பட்டறையில் கடல் கடந்து போகிற மணிகளும் இருந்தன. எங்கே போனாலும் அடிக்கிற கை ஒரே மாதிரி நடுங்குகிறதாம்" என்றது மணி.

"ஏன் நடுங்குகிறது?"

மணிக்கு அது தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் அதற்கு வராது. ஒரு தடவை தானாகவே அடித்துக்கொண்டு பேச்சை முடித்துவிட்டது.

இத்தனை பேர் வந்தும் செல்லாயி மட்டும் வரவில்லை. கல் கண்மலரை வைத்துக்கொண்டு வழியையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் வந்தபோது பார்க்கச் சகிக்கவில்லை. வலது கை தோளோடு ஒட்டித் தொங்கியது. சாமி முகம் தெரிந்த அதே வாரத்தில், காலையில் எழுந்தபோது கை மேலே ஏறவில்லை. முப்பது வருஷம் ஓங்கி ஓங்கி அடித்த தோள் ஒருநாள் கைவிடத்தான் செய்யும். மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. சாமிகுத்தம் என்று சொல்ல ஊரே இருந்தது.

"பூசாரியய்யா, தெரியாம அடிச்சிட்டேன். கை இல்லாட்டி என் பொழப்பே இல்லீங்க. என்ன செய்யணும், சொல்லுங்க" என்றாள்.

மருதை கெட்டவர் இல்லை. அவருக்கும் சாமியிடம் பயம்தான். கண்ணை மூடி யோசித்தார்.

"நாப்பத்தெட்டு நாள் விடியக்காலம் குளிச்சு, ஒரு குடம் தண்ணி நீயே செமந்தாந்து, நீயே சாமி தலையில ஊத்து, ஆத்தா. ஒருநாளு தவறக்கூடாது. ஓங் கைய சாமி குடுத்துரும்."

"எனக்குக் கோபமே இல்லை! என் முதுகு அரிக்கிறது, அவள் வந்து அடித்தால் போதும்!" என்று கல் கத்தியது. மணிக்கும் விளக்குக்கும் கேட்டது. மனிதர்களுக்குக் கேட்கவில்லை.

ஏரி வறண்டதால் தண்ணீர் அரை மைல் தள்ளி அடிபம்பில்தான். செல்லாயி இடது கையாலேயே அடித்து, இடது இடுப்பிலேயே சுமந்து, மேடையின் கீழ் நின்று, இடது கையாலேயே குடத்தைத் தலைக்குமேல் தூக்கி ஊற்றினாள். குளிர்ந்த தண்ணீர் முகத்தில் வழியும்போது கல்லுக்கு உடம்பெல்லாம் கூசியது. கிடா ரத்தம் தெறித்தபோதுகூட அப்படிக் கூசவில்லை.

"சாமி, சாமி" என்பாள். வேறெதுவும் பேசமாட்டாள். 'கல்லே' என்ற வார்த்தை அவள் வாயில் செத்துப்போயிருந்தது.

பத்தாம் நாள் இடது தோளும் வலிக்க ஆரம்பித்ததைக் கல் பார்த்தது. இருபதாம் நாள் குடத்தை மூன்று தவணையாகத் தூக்கினாள். ஊர் அவளுடைய பக்தியை மெச்சியது. அவளைப் பார்த்து இன்னும் நான்கு பெண்கள் குடம் சுமக்கத் தொடங்கினார்கள்.

"உன் மகிமை ஏறுகிறது" என்றது மணி.

"அவள் கை இறங்குகிறது" என்றது கல்.

முப்பத்தொன்றாம் நாள். செல்லாயி குடத்தைத் தூக்கினாள். மார்புவரை வந்தது. தாடைவரை வந்தது. இடது தோளில் ஏதோ பிசகியது. குடம் மேடை விளிம்பில் மோதிக் கீழே உருண்டு, தண்ணீரை மண் குடித்தது.

அப்புறம் கூட்டத்தில் யாரோ மெல்ல, "சாமி ஏத்துக்கலையே" என்றார்கள். யார் என்று தெரியவில்லை. ஆனால் சொல்லியாகிவிட்டது, இனி எடுக்க முடியாது.

"ஒண்ணுல இருந்து தொடங்கணும், ஆத்தா. வேற வழி தெரியல எனக்கு" என்றார் மருதை.

செல்லாயி சரி என்று தலையசைத்தாள். போவதற்கு முன் ஒரு கும்பிடு போட நினைத்தாள். வலது கை ஏறவில்லை. இப்போது இடது கையும் பாதிவழியில் நின்றது. இரண்டு கைகளும் வயிற்றுக்கு முன்னால் தடுமாறின. ஒன்றையொன்று தேடின. சேரவில்லை.

"சாமி, கும்பிடக்கூட வரமாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். மகள் செத்தபோதுகூடக் கல்லின் எதிரே அவள் இப்படி அழுததில்லை.

அவள் குடத்தைக் காலால் நகர்த்தி, எப்படியோ இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். கூட்டம் கலைந்தது. பூசாரி கதவைச் சாத்தினார். வெயில் தகரத்தில் சுள்ளென்று விழுந்தது.

கல்லுக்குத் தாங்கவில்லை. அதற்குக் கண்ணீர் கிடையாது. அவள் சுமந்துவந்த தண்ணீர்கூட இன்று அதன்மேல் விழவில்லை. அது தன் இரண்டு கைகளைப் பார்த்தது. மடியில், ஒன்றின்மேல் ஒன்று. செதுக்கியவன் வைத்த இடத்தில், எத்தனை காலமாகவோ சேர்ந்தே கிடந்த கைகள்.

"ஐயா" என்றது கல். "அம்மா" என்றும் சொல்லிப் பார்த்தது. எந்தப் பெயர் சரி என்று தெரியவில்லை. தன்னைக் கூப்பிட்ட எல்லாப் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் பெயரை விட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னது.

"என் கை இரண்டையும் உடைத்துக்கொள். அவளுக்கு ஒரு கையாவது கொடு."

சொல்லும்போது அதன் குரல் நடுங்கியது. விளக்கின் சுடர் ஆடாமல் நின்று கேட்டது.

மணிக்குச் சிரிப்பு வந்தது. "ஊரெல்லாம் உன்னிடம் கேட்கிறது. நீ யாரிடம் கேட்கிறாய்?"

"தெரியவில்லை."

"கேட்டால் கிடைக்குமா?"

"அதுவும் தெரியவில்லை."

"ஆள் தெரியாது, கிடைக்குமா தெரியாது. அப்புறம் எதற்குக் கேட்கிறாய்?"

"அவள் கைவரை என் கை எட்டவில்லையே" என்றது கல்.